கடற்கரை ஹோட்டலுக்குச் சொந்தமில்லை

போன கோடை விடுமுறைக்கு அம்மா, அப்பா, தம்பி, நான் நாலு பேரும் பத்து நாள் மொரீசியஸ் போய் வந்தோம். திரும்பி வந்ததும் நண்பிகள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த பீச் நல்லம்?" அதற்கு ஒரு பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். மொரீசியஸ் சின்னத் தீவு. வடக்கிலிருந்து தெற்குக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். நினைத்தால் ஒரே நாளில் மூன்று கடற்கரை பார்க்கலாம். தீவின் பெரும்பகுதியைச் சுற்றிப் பவளப்பாறை மதில் போல நிற்கிறது. அதனால் உள்ளே கடல் குளம் மாதிரி அமைதி. ஓகஸ்ட்டில் அங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று அடிப்பதால் கிழக்கே பெல் மார் பக்கம் கொஞ்சம் குளிரும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் இதமான வெயில். தெற்கே கிறி கிறியில் பவளப்பாறை இல்லை. அலை நேரே வந்து கரும்பாறையில் மோதும். அங்கே குளிக்கப் போகாதீர்கள், நின்று பாருங்கள், போதும். மீன் பார்க்க ஆசையென்றால் தென்கிழக்கில் ப்ளூ பே கடற்பூங்கா.

இனி சொல்ல வந்த விஷயம்.

நாங்கள் தங்கிய ஹோட்டலில் சாப்பாடு, குடிவகை எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே காசு. கையில் ஒரு நீலப் பட்டி கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை கரையோரமாகத் தனியே நடந்து போய்த் திரும்பும்போது காவலாளி ஒருவர் என்னை மறித்தார். கிரியோலில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார். பட்டியைக் கண்டதும் முகம் மாறியது. "சொறி மேடம்" என்று சொல்லி வழிவிட்டார்.

அவர் என்னை உள்ளூர்ப் பெண் என்று நினைத்திருக்கிறார். அதில் பிழையில்லை. அவருக்கும் என் மாமாவின் முகச்சாயல். சட்டையில் குத்தியிருந்த பெயரும் தமிழ்ப் பெயர். தமிழர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தீவுக்குக் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் போனவர்கள். பிறகு 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதே வழியால் ஒரு குடும்பம் வந்தது. ஒரு பாட்டி, இரண்டு பிள்ளைகள், கையில் சாப்பாட்டுப் பை. அவர்கள் கையில் பட்டி இல்லை. காவலாளி ஏதோ சொன்னார். அவர்கள் திரும்பிப் போனார்கள். நான் சாய்கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

அன்றிரவு தேடி வாசித்தேன். மொரீசியஸ் சட்டப்படி அலை ஏறி இறங்கும் கரை பொதுச் சொத்து. ஹோட்டல்கள் பெரும்பாலும் குத்தகைக்கு எடுப்பது அதற்கு மேலே உள்ள அரச நிலத்தை. ஆனால் அந்த நிலத்தில் மதில் எழும்பினால் மக்கள் எந்த வழியால் கடலுக்கு இறங்குவது? தெற்கே பொம்பொனெத் என்ற பொதுக் கடற்கரையை ஹோட்டல் கட்டக் கொடுத்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். "எங்கள் கடற்கரையைத் திருடாதே" என்று பொருள்படும் பெயரிலேயே அங்கே ஓர் இயக்கம் இருக்கிறது.

இன்னொன்றும் வாசித்தேன். 2020 ஜூலை 25ஆம் திகதி வகாஷியோ என்ற கப்பல் புவன்ந் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறியது. ஓகஸ்ட்டில் ஏறக்குறைய 1,000 தொன் எண்ணெய் கடலில் கலந்தது. அப்போது ஆயிரக்கணக்கான மக்கள் கரைக்கு வந்தார்கள். கரும்புத் தோகையைத் துணிப் பைகளில் அடைத்து, நீளமாகக் கட்டி, மிதக்கவிட்டு எண்ணெயை மறித்தார்கள். கடல் கெட்டபோது துப்புரவாக்க ஓடிவரும் உரிமை அந்த மக்களுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையோடு கரையால் நடக்க மட்டும் ஏன் பட்டி வேண்டும்?

இதை நான் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "வருசம் முழுக்க ரெண்டு வேலை செய்யிறன். பத்து நாள் நிம்மதியா இருக்க விடு" என்றார். அம்மா சொல்வதும் நியாயம்தான். ஹோட்டலால் அங்கே பலருக்கு வேலை கிடைக்கிறது, அந்தக் காவலாளிக்கும்தான். ஹோட்டலில் தங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஹோட்டல் வாசலோடு அந்த நாடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் பஸ் ஏறி ஃபிளிக் ஆன் ஃபிளாக் பொதுக் கடற்கரைக்குப் போனோம். சவுக்கு மரங்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, சட்டி பானையோடு வந்திருந்தார்கள். எங்கோ செகா பாட்டும் பறை போன்ற ரவான் மேளமும் கேட்டது. பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் கடதாசியில் சுற்றி காத்தோ பிமோன் தந்தார். கடித்தால் எங்கட பருப்பு வடையேதான்! அவருக்குத் தமிழ் கதைக்கத் தெரியாது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். அங்கே அது பொது விடுமுறை. பேர்ஸிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்து அதிலிருந்த தமிழ் எழுத்தைக் காட்டி, வாசிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். கை தட்டினார். பத்து நாளில் எனக்கு மிகவும் பிடித்த கடற்கரை அதுதான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? எங்களில் நிறையப் பேர் விடுமுறைக்கு அப்பா அம்மாவின் ஊருக்கும் போகிறோம். நிலாவெளி, பாசிக்குடா என்று படம் போடுகிறோம். போருக்குப் பிறகு பாசிக்குடாக் கரையில் வரிசையாக ஹோட்டல்கள் வந்துவிட்டன. அங்கே பவுண்ஸும் யூரோவும் கொண்டு உள்ளே போகிறவர்கள் நாங்கள். வெளியே நிற்பவர் எங்கள் பெரியம்மாவாகக்கூட இருக்கலாம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். எந்தத் தீவுக்குப் போனாலும் ஒரு நாளாவது பஸ் எடுத்துப் பொதுக் கடற்கரைக்குப் போங்கள். அங்கே விற்கிறவரிடம் வாங்கிச் சாப்பிடுங்கள். பவளப்பாறையில் ஏறி நிற்காதீர்கள், குப்பையை உங்களோடு எடுத்து வாருங்கள். யாரையாவது கரையிலிருந்து திருப்பி அனுப்பினால், "ஏன் போகக்கூடாது?" என்று மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். விருந்தாளி கேட்டால் ஹோட்டல்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் அன்று கேட்கவில்லை. அந்தப் பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.