ஹோல்கம் கிராமத்தின் பீதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கான்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியில் ஹோல்கம் என்றொரு கிராமம் உண்டு. 1959-ம் வருஷத்தில் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 270. சுற்றிலும் கோதுமை வயல்கள். சற்றுத் தூரத்தில் கார்டன் ஸிடி என்ற ஜில்லாத் தலைநகரம். அவ்வாண்டு நவம்பர் 15-ந் தேதி விடியுமுன், அவ்வூரின் பெரிய விவசாயி ஹெர்பர்ட் க்ளட்டரும், அவர் மனைவி பானியும், 16 வயது மகள் நான்ஸியும், 15 வயது மகன் கென்யனும் கைகால் கட்டுண்ட நிலையில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மூத்த பெண்கள் இருவர் வெளியூரிலிருந்தமையால் தப்பினர். அன்று காலையில் மாதாகோவிலுக்குச் சேர்ந்து போகலாமென்று வந்த நான்ஸியின் தோழிகளே அந்தக் கோரக் காட்சியை முதலில் கண்டவர்கள்.

கொலையின் விவரங்களை இங்கே விஸ்தரிக்கும் உத்தேசம் நமக்கில்லை. அவற்றை விஸ்தரித்து எழுதியோர் ஏராளம். அதனால் யாருக்கு என்ன நன்மை உண்டாயிற்று என்பது வேறு கேள்வி. கொலை நடந்த மறுநாள் முதல் கொலையாளிகள் அகப்படும் வரையில், ஆறு வாரங்களுக்கு மேல், அச்சிறு கிராமம் எந்நிலையில் இருந்தது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

க்ளட்டர் சாமானிய மனிதரல்லர். அகில அமெரிக்கக் கோதுமை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவராயிருந்தவர். ஜனாதிபதி ஐஸன்ஹோவர் காலத்தில் விவசாயக் கடன் போர்டில் அங்கத்தினராக நியமனம் பெற்றவர். குடியை வெறுத்தவர். தம்மிடம் வேலை செய்வோரும் குடிக்கலாகாது என்று கண்டிப்பாயிருந்தவர். அவருக்குப் பகைவர் உண்டென்று ஊரில் எவராலும் சொல்ல முடியவில்லை. இதிலிருந்துதான் பீதி பிறந்தது. பகையால் நேர்ந்த கொலையானால் பகையற்றவன் நிம்மதியாகத் தூங்கலாம். இத்தகைய மனிதரையே குடும்பத்தோடு ஒருவன் அழித்துவிடக் கூடுமானால், யார் வீட்டுக் கதவுதான் பந்தோபஸ்தானது? அதுவரையில் அவ்வூரார் இராக்காலத்திலும் கதவைப் பூட்டாதவர்கள். கொலைக்குப்பின் கடைகளில் பூட்டும் தாழ்ப்பாளும் பரபரப்பாக விற்பனையாயின. வீடுகளில் விளக்குகள் விடியுமட்டும் எரிந்தன. சிலர் உடையும் மாற்றாமல் விழித்தபடி உட்கார்ந்திருந்தனர்.

அந்நியன் எவனோ வந்து செய்தான் என்று அவர்கள் எண்ணியிருந்தால் பயம் ஓரளவோடு நின்றிருக்கும். ஆனால் பலர் சந்தேகித்தது தம்முள் ஒருவனையே. அதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. டெலிபோன் கம்பிகள் அறுக்கப்பட்டிருந்தன. கட்டுண்ட பையனின் தலைக்குத் தலையணை வைக்கப்பட்டிருந்தது. தகப்பனாரின் உடல் வெறுந்தரையில் கிடவாமல் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் கிடந்தது. கொல்லப் போகிறவனுக்கு இந்த உபசாரம் எதற்கு? வீட்டாரை அறிந்த ஒருவன்தான் இப்படிச் செய்திருப்பான் என்று துப்பறிந்தோரே முதலில் கருத இடமிருந்தது. இன்னொரு விசித்திரம்: க்ளட்டர் தமது ஆயுளை 40,000 டாலருக்கு இன்ஷ்யூர் செய்து கையெழுத்திட்டது அவருடைய கடைசி நாளின் மாலையில். அது வெறும் தற்செயல். ஆனால் பீதியடைந்த ஊரில் தற்செயலை யார் நம்புவார்?

அன்றிரவு அவ்வீட்டில் நான்ஸியோடும் மற்றோரோடும் டெலிவிஷன் பார்த்துவிட்டு வீடு திரும்பிய வாலிபனொருவன், குடும்பத்தாரை உயிருடன் கடைசியாகக் கண்டவன் என்ற ஒரே காரணத்தால் முதற் சந்தேகத்துக்கு ஆளானான். தான் நிரபராதி என்று காட்டப் பொய்கண்டறியும் இயந்திரச் சோதனைக்கும் அவன் உட்பட்டுத் தேறினான். தான் நேசித்த பெண்ணை இழந்த துக்கத்தோடு இந்தப் பழியையும் சுமந்து அந்த இளைஞன் ஊர் நடுவே நடமாட வேண்டியிருந்ததை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இதே ஊரில் இதற்கு மாறான செய்கைகளும் நிகழ்ந்தன. க்ளட்டரின் நண்பர்கள் சிலர் கூடி, இரத்தக் கறை படிந்த அந்த வீட்டுக்குள் தாமாகவே சென்று கழுவித் துடைத்து, கெட்டுப்போன படுக்கை முதலியவற்றை வயலில் கொண்டுபோய் எரித்தனர். மிஞ்சிய பெண்கள் அக்காட்சியைக் காணலாகாது என்பதே அவர்கள் எண்ணம். கொலையுண்ட அம்மாளின் சகோதரர் கார்டன் ஸிடிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னோர் உயிரைப் போக்குவதால் போனவை திரும்பா என்றும், ஊரார் பழிவாங்கும் எண்ணத்தை விடவேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். கொதிப்பு மிகுந்த அந்நாட்களில் அதை வெளியிட்ட பத்திரிகையைப் பாராட்டவேண்டும். பூட்டுக் கடையில் நெருக்கியடித்தவர்களும் இந்த நண்பர்களும் வெவ்வேறு ஜாதி மனிதரல்லர். பீதி எல்லோரையும்தான் பிடித்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்தவர்களை அது அவ்வளவாக வாட்டவில்லை என்று தோன்றுகிறது.

இனி உண்மைக்கு வருவோம். பல வருஷங்களுக்கு முன் க்ளட்டரிடம் கூலி வேலை செய்த ஒருவன் பின்னர் லான்ஸிங் சிறையில் கைதியாயிருந்தான். அங்கே தன் அறைத்தோழனான ரிச்சர்ட் ஹிக்காக் என்பவனிடம், க்ளட்டர் வீட்டில் இரும்புப் பெட்டி உண்டு, அதில் ஆயிரக்கணக்கான டாலர் இருக்கும் என்று பொழுதுபோக்காகப் பேசிவைத்தான். அவ்வீட்டில் இரும்புப் பெட்டியே கிடையாது. க்ளட்டர் ரொக்கம் வைத்துக்கொள்ளாமல் செக்கு மூலமே கொடுக்கல் வாங்கல் செய்பவர் என்பது ஊரறிந்த விஷயம். ஹிக்காக்கும் பெர்ரி ஸ்மித் என்ற மற்றொருவனும் சிறையிலிருந்து வெளிவந்தபின் அந்தப் பேச்சை நம்பி நானூறு மைல் மோட்டாரில் வந்து நாலு உயிர்களைக் கொன்றனர். அகப்பட்டது 50 டாலருக்குள். கொலைச் செய்தியை ரேடியோவில் கேட்ட பழைய கூலியாள் சிறை அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்ன பிறகே துப்புத் துலங்கிற்று. 1959 டிஸம்பர் 30-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் இருவரும் கைதாயினர்.

ஆகவே ஆதாரமற்ற ஒரு பேச்சு சிறையறைக்குள் பிறந்து ஒரு குடும்பத்தைக் கொன்றது. அதே போன்ற பேச்சுகள் காப்பிக் கடையிலும் தபாலாபீஸிலும் பிறந்து ஊரையே ஒருவரையொருவர் சந்தேகிக்கும்படி செய்தன. சிறையறைப் பேச்சை நம்பிக் கொன்றவர்களுக்குத் தண்டனை இருந்தது. காப்பிக் கடைப் பேச்சைத் தண்டிப்பார் இல்லை. நம் கிராமங்களில் வேலை செய்யும் தொண்டர்களுக்கு இது புது விஷயமாயிராது. குற்றவாளி இன்னானென்று தெரியுமுன்பே அவனுடைய ஜாதியையும் கட்சியையும் நிச்சயித்துவிடுகிறவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். பல சமயங்களில் அவ்வாறு நிச்சயிப்பவர்கள் மேடையில் ஏறியும் பேசுகிறார்கள்.

1960 ஜனவரி முதல் வாரத்தில் கைதிகள் கார்டன் ஸிடிக்குக் கொண்டுவரப்பட்ட மாலையில் கச்சேரி வாசலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. கூச்சலும் சாபமும் எழுமென்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். இரண்டு மனிதர்கள் விலங்குடன் இறங்கி நடந்தபோது கூட்டம் மௌனமாகிவிட்டது. ஆறு வாரமாக அவர்கள் மனத்தில் வளர்த்துவந்த பூதம் வேறு. எதிரே நடந்துசென்ற சாதாரண உருவங்கள் வேறு. அண்டை வீட்டுக்காரனல்ல என்று தெரிந்தபின்னும் சந்தேகம் உடனே நீங்கவில்லை. வேறு யாரும் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்லிவந்தனராம். ஒருவனைச் சந்தேகித்துப் பழகிவிட்ட பின் அவனிடம் பழையபடி முகம் பார்த்துப் பேசுவது எளிதல்லவே!

விசாரணை மார்ச்சில் நடந்தது. கொலை நடந்த ஜில்லாவிலேயே, அந்த ஜில்லாவாசிகளே ஜூரிகளாக இருந்து விசாரித்தார்கள். சுமார் 40 நிமிஷ ஆலோசனைக்குப்பின் ஜூரிகள் குற்றவாளிகள் என்றும், மரண தண்டனை என்றும் தீர்ப்புக் கூறினர். மனநோய் வைத்தியர் தாம் கண்டதை விளக்கிச் சொல்ல கான்ஸாஸ் சட்டம் அப்போது இடந்தரவில்லை. குற்றவாளிக்கு நன்மை தீமை தெரியுமா என்ற ஒரே கேள்விக்கு உண்டு, இல்லை என்று விடை சொல்வதோடு அவர் நிற்க வேண்டியதாயிற்று. குற்றம் சந்தேகமற ருசுவானது என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆயினும் அயலாரின் துக்கம் ஆறாத இடத்தில், அறிந்தவர் வாயைப் பாதி அடைத்துவிட்டு வாங்கிய தீர்ப்பு, அதே முடிவுக்கு வேறிடத்தில் நிதானமாக வந்த தீர்ப்பைப்போல் மதிப்புப் பெறாது. ஐந்து வருஷ அப்பீல்களுக்குப்பின் 1965 ஏப்ரல் 14-ந் தேதி இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்துக்குப் பிறகு கான்ஸாஸ் ராஜ்யம் எவரையும் தூக்கிலிடவில்லை. 1994-ல் மரண தண்டனைச் சட்டத்தைத் திரும்ப இயற்றியும் நிலைமை அதுவே.

ஹோல்கம் வாசிகளின் மனக்குறை வேறொன்று. ட்ரூமன் கப்போட்டி என்ற ஆசிரியர் அவ்வூருக்கு வந்து தங்கி எழுதிய நூல் 1966-ல் புத்தகமாக வெளிவந்து உலகப் பிரசித்தி பெற்றது. 1967-ல் வந்த சினிமாவை அந்த வீட்டிலேயே படம் பிடித்தனர். கொலையாளிகளின் பிள்ளைப்பிராயமும், மனவேதனையும், கடைசி நிமிஷமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. 2012-ல் ப்ளோரிடாவில் நடந்த மற்றொரு குடும்பக் கொலையைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க அவ்விருவர் சடலங்களையும் தோண்டியெடுத்துச் சோதித்தனர்; சம்பந்தம் ருசுவாகவில்லை. அந்தச் செய்தியும் உலகெங்கும் பரவிற்று. க்ளட்டர் கோதுமை விவசாயிகளுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் சொல்ல வெளியூரில் ஆளில்லை.

ஊரார் தம் பூங்காவில் அக்குடும்பத்துக்கு ஒரு ஞாபகச் சின்னம் நிறுவியது 2009-ம் வருஷத்தில், கொலை நடந்து ஐம்பதாவது ஆண்டில். நால்வரும் எவ்விதம் வாழ்ந்தார்கள், என்னென்ன வேலை செய்தார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது.