பாட்டு திக்குதா? பொட்டியைத் திட்டாதீங்க!

பாட்டு நடுவுல 'டக்... டக்'னு திக்கினா நம்மாளுங்க சொல்ற வைத்தியம் ரெண்டே ரெண்டுதான். ரேம் ஏத்து, இல்லைன்னா பொட்டியையே மாத்து. எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்கா. பல நேரம் குத்தம் வேகத்துல இல்லை, காத்திருப்புல இருக்கு.

கணக்கு பாருங்க. சிடி தரத்துல நொடிக்கு 44,100 சாம்பிள். 1024 சாம்பிள் பிடிக்கிற பஃபர் சுமார் 23 மில்லிசெகண்டுல காலி. அதுக்குள்ள பிளேயர் வந்து ரொப்பியாகணும். அந்த நேரம் பார்த்து கெர்னலுக்குள்ள வேற யாராவது பூட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா பாட்டு அம்பேல். பிராசசர் முக்கால்வாசி சும்மா இருந்தாலும் இதே கதிதான்.

ரயில்வே கேட்ல மாட்டின கும்மிடிப்பூண்டிக்காரங்களுக்கு இது புரியும். கூட்ஸ் வண்டி போய் முடிக்கிற வரைக்கும் சைக்கிளும் நிக்கணும், பென்ஸ் காரும் நிக்கணும். காருக்குப் பெரிய இன்ஜின் போட்டா கேட் திறந்துடுமா?

லினக்ஸ் கதையும் இதேதான். 1996-ல வந்த 2.0-ல கெர்னலுக்கு ஒரே பெரிய பூட்டு, பேரு 'பிக் கெர்னல் லாக்'. எத்தனை பிராசசர் இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான் கெர்னலுக்குள்ள போகலாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமா சின்னப் பூட்டுகளா மாத்தி, 2011-ல 2.6.39-லதான் முழுசா ஒழிச்சாங்க. 15 வருஷம்! சின்னப் பூட்டைப் பிடிச்சிருக்கிறவரையும் பாதியில நிறுத்திட்டு, அவசரக்காரருக்கு வழிவிட வைக்கிற 'பிரீம்ப்ட் ஆர்டி', 2024 நவம்பர்ல வந்த 6.12-லதான் முழுசா உள்ளே சேர்ந்துச்சு.

அதனால சராசரி பிராசசர் சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. 2008-ல 2.6.27-ல வந்த 'எஃப்ட்ரேஸ்' இருக்கு. அதுல 'பிரீம்ப்ட்ஆஃப்', 'ஐஆர்க்யூஎஸ்ஆஃப்' ட்ரேசர்களை ஓட்டினா, வழி மறிச்சதுலயே நீளமானது எவ்வளவு நேரம், எந்த ஃபங்ஷன்லன்னு கையும் களவுமா பிடிச்சுக் கொடுக்கும்.

'பஃபரைப் பெருசாக்கிட்டா போச்சு'ங்கறீங்களா? வெறுமனே பாட்டு கேட்க சரி. கீபோர்டு வாசிக்கிறவருக்கு விரல் பட்டு அப்புறம் சத்தம் வந்தா வெறுத்துடும். இங்க சிப்காட்ல ஓடுற மெஷினுக்கோ பஃபர் சமாதானமெல்லாம் கிடையாது. பாட்டு திக்கினா காதுதான் வலிக்கும், மெஷினுக்குக் கட்டளை லேட்டானா சரக்கே பாழ்.

என் கட்சி இதுதான். சராசரியா எவ்வளவு வேகம்னு கேட்காதீங்க, அதிகபட்சம் எவ்வளவு நேரம் காக்க வைக்குதுன்னு கேளுங்க. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க.

டிஸ்கி: மாற்றுக் கருத்து உள்ளவங்க ட்ரேஸோட பின்னூட்டத்துக்கு வரவும். வெறும் கையோட வந்தா கும்மி உறுதி :-)