நோயாளியைத் தேடிப் போகும் வைத்தியம்

நுரையீரலில் உண்டாகும் புற்றுநோயானது ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியோ இருமலோ காட்டாமல் உள்ளேயே வளர்ந்து, ஆள் படுத்த பிறகே வெளிப்படக் கூடியதாகும். ஆனதினாலேயே அது வந்தால் சாவுதான் என்றும், தலையெழுத்து என்றும், புகை பிடித்த பாவத்திற்குத் தண்டனை என்றும் ஜனங்கள் பேசிக் கொள்ளுகின்றார்கள். இப்பேச்சு ஆளைக் கொல்லக் கூடியது என்றே நாம் சொல்லுவோம். ஏனெனில், தலையெழுத்தென்று நம்புகின்றவன் பரிசோதனைக்கு வரவேமாட்டான்.

முன்கூட்டிக் கண்டுபிடித்தால் உயிர் தப்புமா என்பதை யூகத்திற்கு விடாமல் அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கின்றார்கள். 2002-ல் தொடங்கி, அதிகமாய்ப் புகை பிடித்த, 55 முதல் 74 வயதுள்ள 53,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப்பேருக்குக் குறைந்த கதிர் கொண்ட சி.டி. படமும், பாதிப்பேருக்கு மார்பு எக்ஸ்ரேயும் வருஷம் ஒரு தடவையாக மூன்று தடவை எடுத்தார்கள். 2011-ல் வெளியான முடிவுப்படி சி.டி. பிரிவில் இந்நோயால் மாண்டவர்கள் நூற்றுக்கு 20 பங்கு குறைவு. ஹாலந்து, பெல்ஜியம் நாடுகளின் ஆராய்ச்சியும் 2020-ல் இதையே உறுதிப்படுத்திற்று.

அப்படியானால் இயந்திரத்தை வாங்கி ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டால் போதுமா? அமெரிக்காவில் 2013-லேயே சிபாரிசு செய்தும், தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் பல வருஷங்கள்வரை அந்தப் பக்கமே போகவில்லை. அதிகமாகப் புகைப்பவர்கள் ஏழைகளும் பாட்டாளிகளுமே. அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் சார்ஜு வேண்டும், போதாததற்கு "ஏன் புகைத்தாய்?" என்று வைத்தியர் அதட்டுவாரோ என்கின்ற வெட்கம் வேறு.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தார் 2016-ல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சி.டி. இயந்திரத்தை லாரியில் ஏற்றி, ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் கடைத்தெருவின் வண்டி நிறுத்துமிடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். (நம்மூரில் தெருத் தெருவாய்த் தூக்கிப் போவது வேறு சாமான்கள்!) புகை பிடித்தவர்களுக்கு அழைப்பு அனுப்பி, வந்தவர்களை விசாரித்து, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அங்கேயே படம் எடுத்தார்கள். முதல் தடவையிலேயே நூற்றுக்கு 3 பேரிடம் நோய் தெரிந்தது. அதில் பத்துக்கு எட்டு ஆரம்ப நிலையிலேயே அகப்பட்டது.

நிற்க, கெடுதியையும் மறைக்கக் கூடாது. மேல்கண்ட அமெரிக்கச் சோதனையில் சந்தேகம் காட்டிய படங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் புற்றுநோயே அல்ல. படத்தில் புள்ளி கண்டவுடன் கத்தியெடுத்தால் நல்லவனும் நோயாளியாவான். சந்தேகமான சிறு கட்டியை அளந்து வைத்து, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி படமெடுத்து, வளர்ந்திருக்கின்றதா என்று பார்ப்பதே முறை. படம் பார்க்கத் தெரிந்தவரும், அறுவை வைத்தியரும், புகையை விட உதவுகின்றவரும் தயாராயில்லாமல் லாரியை மாத்திரம் அனுப்புவது ஊரைப் பயமுறுத்துவதேயாகும்.

2023 ஜூனில் இங்கிலாந்து சர்க்கார் இதை நாடு முழுவதற்கும் விரிப்பதாக அறிவித்தார்கள். அந்நாட்டுப் பாட்டாளித் தோழர்கள் கேட்க வேண்டிய கணக்கு, எத்தனை லாரி வாங்கினீர்கள் என்பதல்ல. எந்தத் தெருவில் எத்தனை பேரை அழைத்தீர்கள், எத்தனை பேர் வரவில்லை, வராதவர் வீட்டுக் கதவை மறுபடி யார் தட்டினார்கள் என்பதேயாகும்.