உடம்பில் ஒட்டுமா?

பால்மாவு டப்பாவின்மேல் இரும்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, சுண்ணாம்புச்சத்து இவ்வளவு எனப் பட்டியல் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எண் பெரிதாயின் ஊட்டமும் பெரிது எனக் கருதிவிடுகிறோம். டப்பாவில் அடங்கியது வேறு. மழலையின் குருதியை அடைவது வேறு. ‘தின்றது உடம்பில் ஒட்டவில்லை’ என்று நம் பாட்டிமார் கூறும் வழக்கில் இவ்வேறுபாடு என்றோ பதிவாகிவிட்டது.

தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுகூட இரும்பு இருப்பதில்லை. ஆயினும் அச்சிறு அளவைக் குழந்தையின் குடல் எளிதில் ஏற்கிறது. இரும்பூட்டிய பால்மாவிலோ அதனினும் பன்மடங்கு சேர்க்கின்றனர். அதில் சிறு பகுதியே உடலிற் சேரும் என்பது அவர்கள் அறிந்ததே.

இதற்குக் காரணங்கள் சில உள. பசும்பாற் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன். அது இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. சோயா மாவிலுள்ள பைட்டேட்டும் அவ்வாறே செய்யும். அதனை நீக்கினால் துத்தநாகம் கூடுதலாகச் சேர்கிறது. கிருமிகளை அழிக்க வெப்பமூட்டுதல் இன்றியமையாதது. எனினும் மிகுவெப்பத்தில், கரைந்திருந்த சுண்ணாம்புச்சத்தில் ஒரு பகுதி கரையா நிலையை எய்துகிறது. பாற்சர்க்கரை புரதத்தோடு பிணைந்து பழுப்பேறுகிறது. இரும்பு உட்சேரத் துணைநிற்கும் வைட்டமின் சி-யும் வெப்பத்தாலும் நெடுநாள் இருப்பாலும் குறைகிறது.

இதனால் பால்மாவை அடியோடு பழிப்பது நம் நோக்கமன்று. தாயை இழந்த சேய்க்கும், தாய்ப்பால் பெறவியலாத சேய்க்கும் அதுவே உயிர்த்துணை. 1992ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடுத்தது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாதென்றது. தாய்ப்பாலே சிறந்தது எனப் பொறிக்கவும் பணித்தது. நன்று. ஆனால் அச்சிட்ட எண்ணில் எத்துணைப் பங்கு உடம்பில் ஒட்டும் என்பதைத் தாய்க்கு எடுத்துரைப்பார் யார்?

எண்ணை நம்பி ஒரு கரண்டி கூட்டுவதும், விலைக்கு அஞ்சி ஒரு கரண்டி குறைப்பதும் குழந்தைக்குக் கேடே. மருத்துவரும் செவிலியரும் இதனை எளிய சொற்களில் விளக்குதல் வேண்டும். ‘உயிரியல் கிடைப்புத்திறன்’ என்னும் கலைச்சொல் வகுப்பறைக்குப் போதும். மகப்பேற்று மனைக்குப் போதாது. அங்கே ‘உடம்பில் ஒட்டுதல்’ என்ற வீட்டுச்சொல்லே பொருளை நேரே உணர்த்தும். அறிவியல் தமிழ் வளர்க்க விழையும் நாம், அத்தகைய சொற்களைத் தேடித் தருவோமாக!