பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்!

ஒரு சக்கரம் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. சேற்றை வாரி வாரி இறைக்கிறது. பக்கத்துச் சக்கரமோ பிடித்து வைத்த பிள்ளையார் போல அசையாமல் இருக்கிறது.

என்ஜின் உறுமுகிறது. புகை கிளம்புகிறது. ஆனால் டிராக்டர் ஓர் அடிகூட நகரவில்லை!

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் கொல்லைகளில் மழைக்காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஐம்பது குதிரை சக்தி உள்ள வண்டி. ஐந்து ஆள் கூடித் தள்ளினாலும் அசையாது. கடைசியில் வேறொரு டிராக்டர் வந்து, சங்கிலி போட்டு இழுத்துக் கரை சேர்க்கும்.

இதைத் தடுப்பதற்கென்றே டிராக்டரில் ஒரு சிறிய பெடல் இருக்கிறது. டிரைவரின் குதிகாலுக்குப் பக்கத்தில், பலர் கண்ணில் படாமல் கிடக்கும். "டிப்ரன்சியல் லாக்" என்று பெயர். பட்டறைக்காரர்கள் சுருக்கமாக "லாக்" என்பார்கள்.

பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் என்ஜினைப் பார்க்கிறார்கள். டயரைப் பார்க்கிறார்கள். பெயின்டைப் பார்க்கிறார்கள். இந்த லாக் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22-ந் தேதி டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் இருந்த 18 சதவீத வரியும் 5 சதவீதமாக இறங்கியது. வரி சேராமல் 6 லட்ச ரூபாய் விலை உள்ள ஒரு வண்டிக்கு, வரியில் மட்டும் 42 ஆயிரம் ரூபாய் மிச்சம். சிறிய தொகை அல்ல!

புது வண்டி விலை இறங்கினால் என்ன நடக்கும்? வசதி உள்ளவர் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவார். அவர் தள்ளிவிட்ட வண்டி எங்கே போகும்? புது வண்டிக்கு வசதி இல்லாத இன்னொரு விவசாயியின் வாசலுக்குத்தான் போகும்.

அரசு மானியமும் புது எந்திரத்துக்குத்தான். வேளாண் எந்திரமயமாக்கும் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் ஓர் உச்சவரம்புக்குள் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஒரு காசும் கிடையாது. அவர் நகையை வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ, முழுப்பணத்தையும் தன் கையில் இருந்து கொடுக்கிறார். ஏமாந்தால் முழு நஷ்டமும் அவருக்கே!

சித்தப்பா வாங்கிய வண்டி

என் சித்தப்பா ஒருவர் குன்னம் தாலுகாவில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். சித்தியின் நகைகள், தாலிக்கொடி ஒன்றைத் தவிர, எல்லாம் அடகுக்குப் போயின.

வண்டி பார்க்க அழகாக இருந்தது. புதுப் பெயின்ட். புது சீட்டு. பாட்டுப்பெட்டிகூட இருந்தது! விற்றவர் தார்ச்சாலையில் ஓட்டிக் காட்டினார். காற்றாகப் பறந்தது. முன்பணம் கொடுத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள்.

மழை பெய்தது. விதைப்புக்கு முன் உழவேண்டும். கொல்லையில் இறங்கிய வண்டி, மூன்றாவது சாலில் நின்றுவிட்டது. சித்தப்பா லாக் பெடலை மிதித்தார். பெடல் கீழே போனது; மேலே வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை! உள்ளே இருந்த கவை ஒடிந்து எத்தனை நாளாயிற்றோ, யார் கண்டது?

பட்டறையில் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். சாமான் வர நாளாயிற்று. அதற்குள் கொல்லையில் ஈரம் காய்ந்துவிட்டது. வாடகை டிராக்டருக்கு அலைந்து, பிந்தி விதைத்து, அந்தப் பட்டத்தில் பாதி விளைச்சல்தான் கண்டார்.

விற்றவரிடம் போய்க் கேட்டார். அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் வீட்டில் பேச்சு:

"அண்ணே! லாக் இருக்குதான்னு கேட்டீங்க. இருக்குதுன்னேன். வேலை செய்யுதான்னு நீங்க கேக்கவே இல்லையே!"

இரண்டு சக்கரம், இரண்டு கணக்கு

இந்த லாக் எதற்கு என்று தெரிய வேண்டுமானால், முதலில் டிப்ரன்சியல் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

கோவில் தேர் மூலை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரந்தான் போகிறது. வெளிப்பக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டு நீண்ட தூரம் போகிறது. மோட்டார் வண்டி திரும்பும்போதும் இதே கதைதான். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. டயர் தேயும், தண்டு முறியும்.

அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு பற்சக்கரக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதுதான் டிப்ரன்சியல். ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற அது இடம் கொடுக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு கெட்ட குணமும் உண்டு. எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே ஓட்டம் போய்விடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது வீணாகச் சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு வண்டியை நகர்த்தும் அளவு இழுவை கிடைக்காது.

லாக் பெடலை மிதித்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வழுக்கும் சக்கரத்தோடு வழுக்காத சக்கரமும் சேர்ந்து சுற்றும். வண்டி கரை ஏறும்!

கரிசல் மண்ணில் இதற்கு வேலை அதிகம். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற மண், நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அதோடு, கலப்பை போட்டு உழும்போது ஒரு சக்கரம் சாலுக்குள்ளும், மற்றது மேட்டிலும் ஓடும். பாரம் இரண்டு பக்கமும் ஒன்றாக விழுவதில்லை. மேட்டுச் சக்கரம் எப்போது வழுக்கலாம் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

பந்தயக் காரில் இருந்து...

இந்தத் தொல்லை விவசாயிக்கு மட்டும் அல்ல. பந்தயக்காரர்களுக்கும் இருந்தது.

1930-களில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் என்ற கம்பெனி, பெர்டினாண்ட் போர்ஷே என்ற நிபுணர் அமைத்துக் கொடுத்த பதினாறு சிலிண்டர் பந்தயக் கார்களை ஓட்டியது. அசுர சக்தி! ஆனால் வளைவில் திரும்பி வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் வீணாகச் சுற்றிப் புகைந்தது. சேற்றில் நிற்கும் நம் டிராக்டரின் அதே வியாதி! இசட்.எப். என்ற பற்சக்கரக் கம்பெனி அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஒரு சக்கரம் அளவுக்கு மீறிச் சுற்றத் தொடங்கினால், தானாகவே இறுகி மற்றதற்கும் இழுவை கொடுக்கிற டிப்ரன்சியல்! "லிமிடெட் ஸ்லிப்" என்று அதற்குப் பெயர்.

இன்றும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற செல்வந்தர்கள், இந்த அமைப்பு உண்மையாகவே உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் இருக்கும், வண்டியில் இருக்காது! இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கிவைத்து, ஒன்றைக் கையால் சுற்றுவார்கள். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண டிப்ரன்சியல். அதே பக்கமாகச் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் என்று அறிகுறி. உள்ளே இருக்கும் தட்டுகள் தேய்ந்துபோனால், இருந்தும் இல்லாதது போலவே காட்டும். சில வகைகள் நல்ல நிலையில் இருந்தாலும் எதிர்ப்பக்கமாகவே சுற்றும். அதனால் தெரிந்த மெக்கானிக் வேண்டும்.

பல லட்சம் கொடுத்து விளையாட்டுக்குக் கார் வாங்குகிறவர் இவ்வளவு பார்க்கிறார். வயிற்றுப்பாட்டுக்கு டிராக்டர் வாங்குகிறவர் பார்க்க வேண்டாமா?

ஜாக்கியும் நாலு கல்லும்

டிராக்டரில் இந்தச் சோதனை இன்னும் சுலபம். பத்து நிமிட வேலை. ஆனால் நிதானமாகச் செய்ய வேண்டும். கனமான வண்டி, விளையாட்டு உதவாது.

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்கும், தூக்காத பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பெரிய கல்லை அடை கொடுங்கள். பிறகு பாரம் தாங்குகிற ஜாக்கியைப் பின் ஆக்சில் கூட்டுக்குக் கீழே வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் இரண்டு அங்குலம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிலுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டை அடுக்குங்கள். யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

கியர் நியூட்ரல். பிரேக் பிடித்திருக்கக் கூடாது.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் தள்ளுங்கள். கனமாக இருந்தாலும் சுற்றும்.

அடுத்து, இன்னொருவர் கீழே நின்றபடியே லாக் பெடலைக் கையால் அழுத்தட்டும். வண்டி மேல் ஏறவேண்டாம். நீங்கள் சக்கரத்தை மெதுவாகத் தள்ளுங்கள். கொஞ்சம் நகர்ந்ததும் உள்ளே "கடக்" என்று ஒரு சத்தம். சக்கரம் நின்றுவிடும். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. தரையில் நிற்கும் சக்கரத்தோடு அது பூட்டிக்கொண்டுவிட்டது. லாக் உயிரோடு இருக்கிறது!

பெடலை விடச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால் பூட்டு விடுபட்டு, பழையபடி சுற்ற வேண்டும்.

அழுத்தியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் லாக் செத்துவிட்டது. விட்ட பிறகும் பூட்டியே கிடந்தால் அது இன்னும் மோசம். பூட்டிய வண்டி திரும்ப மறுக்கும். ஸ்டீரிங்கை ஒடித்தாலும் நேராகவே போகும். சாலை வளைவில் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல லாக்கைக்கூட நேராகப் போகும்போது மட்டுந்தான் மிதிக்க வேண்டும். திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! ஒரு சக்கரம் தூக்கி இருக்கும்போது, "ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். லாக் பிடித்தால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜாக்கியில் இருந்து பாய்ந்துவிடும். உயிர் போகிற காரியம்! காருக்கும் இதே விதிதான்.

சாலையில் ஓடிய வண்டி

பெரம்பலூர் பதிவு வண்டிகள் டி.என். 46 என்றும், அரியலூர் வண்டிகள் டி.என். 61 என்றும் இருக்கும். எந்த ஊர் எண் என்பது முக்கியம் அல்ல. வண்டி என்ன வேலை பார்த்தது என்பதே முக்கியம்.

கரும்பும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் சாலையிலேயே ஓடிய டிராக்டர்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். தார்ச்சாலையில் லாக்குக்கு வேலை இல்லை. கெட்டுப்போய் இருந்தாலும் சொந்தக்காரருக்கே தெரியாது. ஆகவே, எல்லா விற்பனைக்காரரையும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாமல் விற்கிறவர்களும் உண்டு.

டயரைப் பார்த்தால் ஓரளவு தெரியும். பட்டைகளின் நடுப்பாகம் மழுங்கித் தேய்ந்திருந்தால் சாலை வண்டி. ஒரு பின்டயர் புதிது, மற்றது மொட்டை என்றால், நேராகப் போகும்போதும் டிப்ரன்சியல் ஓயாமல் உழைத்திருக்கும். பின் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். இரும்புத் துண்டு வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"லாக் இல்லாவிட்டால் என்ன, வழுக்கும் சக்கரத்துப் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் வண்டி வந்துவிடும்" என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். உண்மைதான். டிராக்டருக்கு இடது, வலது பிரேக் தனித்தனி. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். தினமும் அதையே செய்தால் பிரேக் போய்விடும்.

ஆர்.சி. புத்தகத்தில் இல்லாதது

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் இருக்கிறது. சேஸிஸ் எண் இருக்கிறது. கடன் பாக்கி இருந்தால் அதுவும் இருக்கிறது. லாக் வேலை செய்கிறதா என்று எழுத அதில் இடம் இல்லை. பழைய டிராக்டருக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஒரு காகிதமும் இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு இரண்டு மாவட்டங்களிலும் அலுவலகம் இருக்கிறது. டிராக்டர் வாடகைக்குக் கொடுக்கிற துறை அது. எந்திரம் தெரிந்த என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய டிராக்டரைச் சோதித்து ஒரு சீட்டுக் கொடுத்தால் என்ன? லாக், பிரேக், ஹைட்ராலிக், என்ஜின் - நாலு வரி எழுதினால் போதும். புது எந்திரத்துக்கு மானியமாகக் கொடுக்கிற பணத்தோடு பார்த்தால் இது ஒரு செலவே அல்ல. வட்டிக்குப் பணம் கொடுக்கிற கம்பெனிகளும் அந்தச் சீட்டைக் கேட்கலாம். வண்டி நன்றாக ஓடினால்தானே தவணை ஒழுங்காக வரும்!

அதுவரை, விற்கிறவரிடம் ரசீதின் பின்பக்கத்தில் "லாக் வேலை செய்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

சித்தப்பா இரண்டாண்டு கழித்துத் தன் மாப்பிள்ளைக்கு டிராக்டர் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். இந்தத் தடவை பையில் ஜாக்கி. சாலையோரத்தில் நாலு பெரிய கல்லாகப் பொறுக்கிக்கொண்டார்.

பெயின்ட் பளபளத்தது. சித்தப்பா பெயின்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய், கல்லை ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு அடை கொடுத்தார். ஜாக்கியை எடுத்து ஆக்சிலுக்கு அடியில் வைத்தார். விற்பவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அண்ணே, ஜாக்கிய எடுத்துடுங்க. வெலையில இருபதாயிரம் கொறச்சுக்கலாம்."