எண்ணெயைத் தண்ணீர் வெறுக்கிறதா?



இறைச்சி ஆக்கிய சட்டியில் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் வட்டம் வட்டமாக மேலே மிதப்பதை நாளாந்தம் காண்கிறோம். அகப்பையால் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் அவ்வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. உப்பையும் சீனியையும் நொடியில் கரைத்துக்கொள்ளும் தண்ணீர் எண்ணெயை மட்டும் ஏன் ஏற்பதில்லை?

எண்ணெய் போன்றவற்றை விஞ்ஞானிகள் ‘நீர்வெறுப்புப் பொருட்கள்’ என்பர். இப்பெயரைக் கேட்டு இரண்டுக்கும் பகை என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலும் சிறிதளவு கவர்ச்சி இருக்கவே செய்கிறது. ஆனால், தண்ணீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்டுள்ள பிணைப்பு அதைவிட மிக வலிமையானது. விடயம் அவ்வளவுதான்.

தண்ணீரின் கைகோர்ப்பு

ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. ஒன்றின் ஐதரசன் அயலில் உள்ளதின் ஒட்சிசனைப் பற்றிப் பிடிக்கும். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அயலவர்களுடன் நிலையாகக் கைகோர்த்து நிற்கிறது. திரவ நீரில் இப்பிடி ஓயாது மாறிக்கொண்டிருக்கும். ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற சொற்ப நேரத்தில் ஒரு கை விடுபட்டு மறு கையைப் பற்றும்.

உப்புக்கும் சீனிக்கும் இக்கைகளைப் பிடிக்கும் ஆற்றல் உண்டு, எண்ணெய்க்கு இல்லை. எண்ணெய் மூலக்கூறு ஒன்று நடுவே வந்தால், நீர் மூலக்கூறுகள் தம் பிடியை விடாமல் அதைச் சுற்றிக் கூடுபோல் வளைந்து கோர்த்துக்கொள்கின்றன. இதனால் அவற்றின் சுதந்திரமான அசைவு குறைகிறது. எண்ணெய் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டாலோ, அதனைத் தொட்டு நிற்கவேண்டிய நீர் மூலக்கூறுகள் குறைந்து, ஏனையவை விடுபடுகின்றன. எண்ணெய் தண்ணீரிலிருந்து பிரிந்து ஒன்றுசேர்வது இதனாலேயாகும்.

குளிரிலும் சூட்டிலும்

இவ்வாறான கரையத்தைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியைப் போல் ஒழுங்குபடுகிறது என்று 1945இல் ஹென்றி பிராங்க் என்பாரும் மார்ஜரி இவான்ஸ் அம்மையாரும் எழுதினர். அது உண்மையான பனிக்கட்டியன்று என்பது பின்னர் தெரியவந்தது. 2012இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர், எண்ணெய்த்தன்மையுள்ள வாலைக் கொண்ட அற்ககோல் வகைகளை நீரில் கரைத்து, லேசர் ஒளியால் ஆராய்ந்தனர். குளிரில் அவ்வாலைச் சுற்றிய நீர், சாதாரண நீரைவிடக் கூடிய ஒழுங்குடன் இருந்தது. சூடு ஏற ஏற அவ்வொழுங்கு கலைந்தது. வால் நீளமானதாயின், சூட்டில் அதைச் சுற்றிய நீரின் பிடி சாதாரண நீரின் பிடியைவிடவும் தளர்ந்துபோயிற்று.

தண்ணீருடன் கைகோர்க்க மாட்டாத இன்னொரு பொருள் காற்று. அதன் நிலையை அடுப்படியிலேயே காணலாம். சட்டியில் தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே அடியிலும் ஓரத்திலும் சிறு குமிழிகள் தோன்றுகின்றன அல்லவா? அவை பெரும்பாலும் நீரில் கரைந்திருந்த காற்றேயாகும். பூச்சியப் பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராம் அளவாகக் குறைந்துவிடும். மீன் தொட்டியை வெயிலில் வைத்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனாலேதான்.

கழுவும்போது கவனிக்க வேண்டியவை

“சுடுதண்ணீர் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்குப் போகிறதே!” என்று நீங்கள் கேட்கலாம். அது கரைந்து போவதில்லை; உருகிப் போகிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் அது போத்தலிலேயே கட்டியாகி நிற்பது இதனால்தான். சுடுதண்ணீரோடு ஓடிய கொழுப்பு, குழாயினுள் ஆறியதும் மீண்டும் உறைந்து அடைத்துக்கொள்ளும். எனவே, சட்டியிலுள்ள எண்ணெயைப் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்தெடுத்த பின்னரே கழுவுங்கள்.

கரைக்கும் வேலையைச் செய்வது சவர்க்காரமே. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பற்றும். நீண்ட வால் எண்ணெய்க்குள் நுழையும். வால்கள் எண்ணெயை நடுவில் வைத்துச் சூழ்ந்துகொள்ள, தண்ணீர் அதனை அப்படியே அள்ளிச் செல்கிறது.

2020இல் கொரோனா பரவியபோது கைகழுவுதல் இத்துணை வலியுறுத்தப்பட்டதற்கும் காரணம் இதுவே. அவ்வைரஸின் மேலுறை கொழுப்பினாலானது. சவர்க்காரத்தின் வால் உள்ளே நுழைந்ததும் உறை பிரிந்து வைரஸ் செயலிழக்கிறது. இதற்குச் சுடுதண்ணீர் தேவையில்லை. பச்சைத் தண்ணீரும் சவர்க்காரமும் 20 செக்கன் நேரத் தேய்ப்பும் போதுமானவை.

பிள்ளைகள் வெறுந்தண்ணீரில் கையை நனைத்துவிட்டு, “உம்மா, கழுவிட்டேன்” என்று ஓடிவந்தால் சிறிது நிறுத்துங்கள். எண்ணெய் மிதக்கும் சட்டியைக் காட்டி, தண்ணீர் மட்டும் ஏன் போதாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். காரணம் விளங்கிவிட்டால், நீங்கள் பார்க்காத நேரத்திலும் அவர்கள் சவர்க்காரத்தைத் தேடுவார்கள்.