பி.காம். பையனுக்கு பிளெண்டர் எதுக்கு?

சென்ற வாரம், மின்சார ரயில் ஒன்று தாம்பரம் ஸ்டேஷனுக்குள் வந்து நிற்பதை பிளெண்டரில் அனிமேஷன் செய்தேன். பார்த்தால் பொம்மை ரயில் மாதிரியே இருந்தது. கடைசியில் கணக்குப் போட்டேன். 48 ஃபிரேமில் 120 மீட்டர். விநாடிக்கு 24 ஃபிரேம், ஆக 2 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 216 கிலோமீட்டர்! நம்ம பீச் லைனில் இப்படிப் போனால் குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவர் பார்க்கில்தான் இறங்குவார்.

அப்புறம்தான் பைதானில் ஒரு சின்ன பேனல் எழுதினேன். பொருளைத் தேர்ந்தெடுத்து பட்டனை அமுக்கினால், நகர்ந்த தூரத்தையும் வேகத்தையும் காட்டும். நண்பர்கள் கேட்டது ஒன்றுதான்: "நீ பி.காம்., உனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

என்னைக் கேட்டால், இது காமர்ஸ்காரன் வேலைதான். தாம்பரத்திலிருந்து பீச் போய்த் திரும்பினால் சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் முதல் ஃபிரேமில் இருந்த இடத்துக்கும் கடைசி ஃபிரேமில் இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்தால் விடை 0. ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வருஷம் முழுக்க வியாபாரமே நடக்கவில்லை என்று எழுதுவோமா? ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளி, ஒவ்வொரு நகர்வையும் குறிப்பேட்டில் பதிகிற மாதிரி கூட்டிக்கொண்டே வரவேண்டும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பின்பெட்டிகளை முன்பெட்டியோடு பேரன்ட் செய்திருந்தேன். ஓடுகிற பெட்டிக்கு நகர்வு 0 என்றது பேனல்! 'லொகேஷன்' என்பது பேரன்டை வைத்துச் சொல்லும் இடம். உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரிய 'மேட்ரிக்ஸ் வேர்ல்ட்' பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு.

ரெடிமேடாக ஆட்-ஆன் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் அது எதைக் கூட்டியது, எதை விட்டது என்று தெரியாமல் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. செலவும் கிடையாது, 2002-ல் ஊர் கூடி 1 லட்சம் யூரோ திரட்டி இதன் மூல நிரலைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

இப்போது அதே 120 மீட்டரை 288 ஃபிரேமில் கடக்கிறது. சராசரி 36. பொம்மைத்தனம் போய்விட்டது. ஆனால் ஃபிரேம்வாரியாகப் பார்த்தால், பிளாட்ஃபாரத்துக்குள் நுழையும்போதே ரயில் அப்போதுதான் கிளம்பின மாதிரி வேகம் 0-விலிருந்து ஏறுகிறது. பிளெண்டர் தானாகவே போடும் பெசியர் வளைவின் வேலை அது. இன்றைக்கு ராத்திரி அதைத்தான் சரி செய்யணும்.